தொண்டை கட்டினால் நிலநடுக்கக் கணக்கு எதற்கு?

வணக்கம். கரகரத்த குரலைச் சோதிக்க இன்று குரல் மருத்துவத்தில் பயன்படும் மிக நம்பகமான அளவுகளில் ஒன்று, நில அதிர்வுப் பதிவுகளில் எதிரொலியைத் தேடியவர்களிடமிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா?

பின்னணியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். நாம் ‘ஆ’ என்று நீட்டும்போது குரல்நாண்கள் நொடிக்கு ஆண்களுக்குச் சுமார் 120 முறையும் பெண்களுக்குச் சுமார் 200 முறையும் அதிர்கின்றன. அடுத்தடுத்த அதிர்வுகளின் கால அளவு பிசகுவது ஜிட்டர். வீச்சு, அதாவது அதிர்வின் வலிமை, பிசகுவது ஷிம்மர்.

நொடிக்கு 200 அதிர்வு என்றால் ஓர் அதிர்வுக்கு 5 மில்லிநொடி. அதில் வெறும் 0.05 மில்லிநொடி பிசகினாலே ஜிட்டர் 1 சதவீதம். நுட்பமான அளவுதான். ஆனால் ஒவ்வோர் அதிர்வும் எங்கே தொடங்குகிறது என்பதை மென்பொருள் முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். கோயம்பேட்டில் விடியுமுன் கூவத் தொடங்கி, மதியத்துக்குள் தொண்டை கம்மிப்போன ஒரு வியாபாரியின் குரலில் அந்த ஒழுங்கே குலைந்திருந்தால் எதை எண்ணுவது? மழை வந்தால் மட்டும் விரிய மறுக்கும் குடையைப் போன்றது இந்த அளவு என்பது என் கருத்து.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. 1963இல், நில அதிர்வில் எதிரொலியைத் தேடிய போகர்ட், ஹீலி, டூக்கி ஆகிய மூவரும் ஸ்பெக்ட்ரம் (ஒலியை அதிர்வெண்வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலை) என்ற சொல்லின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு, தங்கள் புதிய கணக்குக்குச் ‘செப்ஸ்ட்ரம்’ என்று பெயரிட்டார்கள். கணினி உலகத்துக்கு ‘பிட்’ என்ற சொல்லைத் தந்த அதே டூக்கிதான்; குறும்புக்குக் கேட்பானேன்! மயிலாப்பூர் வாசல்களில் மார்கழிக் கோலத்துக்கு இடும் புள்ளிகளைப் போல, தெளிவான குரலின் நிறமாலையில் 200, 400, 600 ஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் முகடுகள் நிற்கும். குரலில் காற்றோ கரகரப்போ கலந்தால், கோலமாவின்மேல் காற்று வீசியதுபோல் அவை மங்கிவிடும். செப்ஸ்ட்ரம் இந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தேடுவதில்லை. அந்த ஒழுங்கு முழுவதையும் ஒரே முகடாகத் திரட்டுகிறது. சுற்றுப்புறத்தைவிட அது எத்தனை டெசிபெல் உயர்ந்து நிற்கிறது என்பதே அளவு. அது தாழ்ந்தால் குரல் கெட்டிருக்கிறது. 2018இல் அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலச் சங்கத்தின் நிபுணர் குழுவும் இதையே பரிந்துரைத்தது.

குரல்நாணில் இருப்பது முடிச்சா, செயலிழப்பா என்பதை எந்த எண்ணும் சொல்லாது. கரகரப்பு 4 வாரங்களைத் தாண்டினால் குரல்வளையை மருத்துவர் கருவி வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். வெறும் ஆர்வத்துக்கு என்றால், ஆம்ஸ்டர்டாமில் உருவான ‘ப்ராட்’ என்ற இலவச மென்பொருளில் உங்கள் ‘ஆ’வை நீங்களே அளந்து பார்க்கலாம். பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மே மாதச் சென்னையில் அதற்கு மேல் ஐந்து நொடி நீட்டும்படி உங்களைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.