கைக்கு எட்டிய கரும்பலகை

நேயர்களுக்கு வணக்கம். புதிய கற்பித்தல் முறைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே இப்போது ஸ்மார்ட் போர்டு, டேப்லெட் என்றுதான் போகிறது. நான் ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர். என் பணிக்காலத்தில் பார்த்த பெரிய மாற்றத்துக்கு மின்சாரமே தேவைப்படவில்லை. வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதியில் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள், அவ்வளவுதான். பாயில் உட்கார்ந்த பிள்ளையின் கைக்கு எட்டும் உயரம். ஆளுக்கு ஒரு கட்டம். அதுவரை சாக்பீஸ் என் கையில்தான் இருந்தது.

அந்தச் சுவர்ப் பலகையோடு வந்த முறையைச் செயல்வழிக் கற்றல் என்றால் பலருக்கு நினைவு வரும். ஆந்திராவின் ரிஷி வேலி என்ற பள்ளியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கினார்கள். நாலைந்து ஆண்டுகளில் தமிழகம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது.

பாடமெல்லாம் அட்டை அட்டையாகத் தட்டுகளில் இருக்கும். சுவரில் கற்றல் ஏணி. தான் நிற்கும் படியை ஏணியில் பார்த்து, அதே படமும் எண்ணும் உள்ள அட்டையைப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். சில அட்டைக்கு ஆசிரியர் கூட உட்கார வேண்டும், சிலவற்றுக்குப் பக்கத்துப் பிள்ளை போதும். காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை, விட்ட படியிலிருந்தே ஏறலாம். பழைய முறையில் அந்தப் பத்து நாள் பாடம் போனது போனதுதான். என் மனம் இந்த முறையில் ஒட்டியது இதனால்தான்.

உடனே ஒட்டிவிடவில்லை. முதல் மூன்று மாதம் எனக்குக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. "வாத்தியார் பாடமே நடத்துறதில்லையாமே" என்று பெற்றோர் வந்து நின்றார்கள். யார் எந்தப் படி என்று ஏட்டில் குறிப்பதிலேயே பொழுது போன நாட்களும் உண்டு.

2022இல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்தது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். எந்த வகுப்பு என்பதை விட்டுவிட்டுப் பிள்ளை படிப்பில் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் பழக்கம் அதிலும் தொடர்கிறது. அந்த மட்டில் எனக்குச் சந்தோஷம்.

அட்டைகள்தான் பாவம், கிழியும், தொலையும். ஒருமுறை அணில் படம் போட்ட அட்டை ஒன்று காணவில்லை. இரண்டு நாளாக அந்தப் படியிலேயே நின்றிருந்த பையன் பொறுமையிழந்து, பழைய நோட்டின் அட்டையைக் கிழித்து, பக்கத்துப் பிள்ளையிடம் கணக்கைக் கேட்டு எழுதி, மூலையில் தானே அணிலும் வரைந்து தட்டில் வைத்துவிட்டான். முதுகில் மூன்று கோடும் சரியாக இருந்தது, வால் மட்டும் எலி வால். அந்த வருடம் முழுக்க அந்த அட்டைதான் ஓடியது.