சில்லு போன ஜாடி சொன்ன கதை: நீல வெள்ளை ஜாஸ்பர்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு விளக்கு எதுவும் போடவில்லை. ஜாஸ்பர் என்ற பீங்கான் வகையைப் பார்க்க ஜன்னல் வெளிச்சம்தான் சரி. பக்கத்திலிருந்து சாய்வாக விழுகிற வெளிச்சத்தில்தான் புடைப்புச் சிற்பம் எழுந்து நிற்கும். நேரே விளக்கைப் பிடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

மேசையில் மூன்று பொருட்கள் இருக்கின்றன. முதலில் இந்தச் சின்னப் பெட்டி. இதய வடிவம், வெளிர் நீலம், மூடியின் மேல் வெள்ளையில் சிறகு வைத்த குழந்தைகள். பல வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வயல்வெளியில் நடந்த கார் பூட் சேலில் 2 பவுண்டுக்கு வாங்கியது. வீட்டில் வேண்டாத சாமான்களைக் காரின் பின்பக்கத்தில் வைத்து விற்பார்களே, அந்தச் சந்தைதான். இங்கிலாந்தில் நான் பீங்கான் சேர்க்க ஆரம்பித்ததே இந்தப் பெட்டியிலிருந்துதான்.

இதைக் காட்டும்போதெல்லாம் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அந்த வெள்ளை உருவங்களை எதால் வரைகிறார்கள்?" வரைவதே இல்லை. அடியில் இருக்கும் நீலமும் பெயின்ட் கிடையாது. மண்ணே நீலம், அதன் மேல் இருப்பது வெள்ளை மண். இது ஒன்று புரிந்துவிட்டால் ஜாஸ்பரில் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன். கொழுக்கட்டை அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். உருவம் குழிவாகச் செதுக்கிய அச்சில் வெள்ளை மண்ணை அழுத்தி, மேலே மிஞ்சியதை வழித்துவிட்டு, தட்டையான ஒரு கருவியால் மெதுவாகக் கிளப்பி எடுப்பார்கள். காகிதம் போல மெல்லிய ஒரு உருவம் கையில் வரும். ஜாடி அப்போது பாதி காய்ந்த பதத்தில் இருக்கும். உருவத்தின் பின்பக்கம் தண்ணீர் தொட்டு, ஜாடியின் மேல் வைத்து விரலால் அழுத்துவார்கள். பசை கிடையாது, தண்ணீர் மட்டும்தான். அப்புறம் சூளை. இதில் கண்ணாடிப் பூச்சு இல்லை, அதனால்தான் தொட்டால் பளிங்கு மாதிரி மங்கலான வழவழப்பு.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சூளையில் மண் சுருங்கும். நீல மண் ஒரு அளவு, வெள்ளை மண் வேறு அளவு சுருங்கினால் உருவம் வெடிக்கும், இல்லையென்றால் பெயர்ந்து வரும். நீலமும் வெள்ளைக்குள் ஊறிவிடக் கூடாது. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதில்தான், ஜாஸ்பரை உருவாக்கிய ஆங்கிலக் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட் 1770களின் முதல் பாதியைச் செலவிட்டார். ஆயிரக்கணக்கான சோதனைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் எண் குத்தி, அந்த எண்ணுக்கு உரிய கலவையை நோட்டில் எழுதி வைத்தார். அந்தத் துண்டுகள் இங்கிலாந்தில் பார்லஸ்டன் ஊரிலுள்ள வெட்ஜ்வுட் அருங்காட்சியகத்தில் தட்டுத் தட்டாக அடுக்கி இருக்கின்றன. பொத்தான் அளவு, பட்டாணி அளவு, அழுக்கு நீலம், சாம்பல், கொப்புளம் போட்டது, வெடித்தது. அழகான ஜாடிகளை விட்டுவிட்டு நான் அதிக நேரம் நின்றது அந்தத் தட்டுகளின் முன்னால்தான்.

கடைசியில் கலவைக்குக் கை கொடுத்தது பேரியம் சல்பேட். டெர்பிஷயர் பகுதி ஈயச் சுரங்கங்களில் கிடைக்கும் கனமான வெள்ளைக் கல். நீலத்துக்குக் கோபால்ட். வெட்ஜ்வுட் இந்தச் சேர்மானத்தை ரகசியமாகவே வைத்திருந்தார்.

அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 1730இல் பர்ஸ்லெம் ஊரில் குயவர் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் வந்த பெரியம்மை ஒரு முழங்காலைக் கெடுத்துவிட்டது. காலால் மிதித்துச் சக்கரம் சுற்ற முடியாத குயவர். 1768இல் அந்தக் காலையே எடுத்துவிட்டார்கள், மயக்க மருந்து இல்லாத காலத்தில். அடுத்த வருடம் எட்ரூரியா என்ற பெரிய தொழிற்சாலையைத் திறந்தார். சூளைச் சூட்டை அளக்க வழியில்லை என்று மண்ணின் சுருக்கத்தையே அளவுகோலாக்கினார். சின்ன மண் வில்லைகளைச் சூளையில் போட்டு எடுத்து, போகப் போகக் குறுகுகிற பித்தளைக் காடியில் தள்ளினால், எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு சூடு. 1782இல் இதை லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார், அடுத்த வருடம் அங்கே உறுப்பினரானார். தன் ஜாடிகளை வெடிக்க வைத்த அதே சுருக்கத்தைக் கருவியாக மாற்றியிருக்கிறார் பாருங்கள், எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

1787இல் அடிமை வணிகத்துக்கு எதிராக ஒரு பதக்கம் செய்தார். சங்கிலியோடு மண்டியிட்ட ஒரு மனிதர், சுற்றிலும் "நானும் மனிதன் இல்லையா, சகோதரன் இல்லையா" என்ற வாசகம். வெள்ளை ஜாஸ்பர் மேல் கறுப்பு உருவம். விற்பதற்கு அல்ல, கொடுப்பதற்கு. மக்கள் அதைத் தலைக் கொண்டையிலும் மூக்குப்பொடி டப்பாவிலும் பதித்துக்கொண்டார்கள்.

சரி, இரண்டாவது பொருள். இதைக் கேமராவுக்கு அருகே கொண்டு வருகிறேன். கருநீலப் பால் ஜாடி, கைப்பிடியோடு. விளிம்பில் இங்கே ஒரு சில்லு போயிருக்கிறது, தெரிகிறதா? அந்தச் சில்லுக்காகத்தான் கடைக்காரர் விலையைக் குறைத்தார், அந்தச் சில்லுக்காகத்தான் நான் வாங்கினேன். உள்ளே பாருங்கள், வெள்ளை! முதலில் காட்டிய பெட்டி முழுக்க நீல மண். அதை உடைத்தால் உள்ளேயும் நீலம்தான் இருக்கும். இந்த ஜாடி வெள்ளை மண்ணால் செய்து மேலே மட்டும் நீலக் குழம்பில் முக்கி எடுத்தது. இதற்கு டிப் என்று பெயர். கோபால்ட் விலை உயர்ந்த சரக்கு, முழு மண்ணிலும் கலப்பதைவிட மேலே ஒரு போர்வை மட்டும் போட்டால் மிச்சம். முழுசாக இருக்கும் ஜாடியில் இதைக் கண்டுபிடிக்கத் தடுமாற வேண்டும். சில்லு போன ஜாடி தானே சொல்லிவிடும். பீங்கான் சேர்க்க ஆரம்பிப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: குறையுள்ள பொருளை முதலில் வாங்குங்கள். விலையும் குறைவு, உள்ளேயும் பார்க்கலாம்.

இப்போது இந்த ஜாடியில் பெண்ணின் ஆடை மடிப்பைப் பாருங்கள். கால் பக்கத்தில் வெள்ளை மிக மெல்லிசாகி, அடியிலிருக்கும் நீலம் லேசாக ஊடுருவித் தெரிகிறது. துணி உடம்பில் ஒட்டியது போல இருக்கிறது. பெட்டியின் மூடியில் அந்த மென்மை இல்லை, குழந்தைகள் ஒரே கனத்தில் உப்பி நிற்கிறார்கள். எனக்கு வயதைவிட இந்த மெல்லிசுதான் முக்கியம். பழையது என்பதற்காக மட்டும் எதையும் வாங்க மாட்டேன்.

வயது பார்க்க அடிப்பக்கம். ஜாடியின் அடியில் வெட்ஜ்வுட் என்ற பெயர் மட்டும் மண்ணில் குத்தப்பட்டிருக்கிறது, நாட்டின் பெயர் இல்லை. 1890இல் அமெரிக்கா போட்ட மெக்கின்லி சுங்கச் சட்டப்படி, அங்கே இறங்கும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று எழுதியே ஆக வேண்டும். அதனால் 1891 வாக்கில் இங்கிலாந்து என்ற சொல்லும் சேர்ந்தது. இங்கிலாந்தில் செய்தது என்று முழுசாக எழுதியிருந்தால் 20ஆம் நூற்றாண்டு. என் பெட்டி அப்படித்தான். ஜாடி பெரும்பாலும் 1891க்கு முந்தியது. பெரும்பாலும் என்றுதான் சொல்வேன். சின்னப் பொருட்களில் முத்திரை முழுசாக விழாமல் போவதும் உண்டு.

எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் வெட்ஜ்வுட் என்று எழுதும்போது ஜி என்ற எழுத்துக்குப் பிறகு ஈ வராது. ஈ இருந்தால் அது ஸ்டாக்டன் ஊரில் வில்லியம் ஸ்மித் என்பவர் நடத்திய வேறொரு பட்டறை. 1848இல் நீதிமன்றம் அதைத் தடுத்தது. நான் இணையத்தில் அப்படி ஒரு தட்டை ஜோசையாவின் தட்டு என்று நம்பி வாங்கினேன். விற்றவர் போட்டிருந்த படத்திலேயே அந்த ஈ தெளிவாகத் தெரிந்தது, நான் பெயரை முழுதாகப் படிக்கவில்லை. தட்டு நல்ல தட்டுதான், ஆனால் கொடுத்த விலை வேறு பெயருக்கு.

மூன்றாவது பொருள் ஜெர்மனியில் செய்தது. ஷாஃபர் அண்ட் வாட்டர் என்ற பட்டறையின் சின்னப் பூச்சாடி. தூரத்தில் பார்த்தால் ஜாஸ்பரேதான். உருவத்தின் ஓரத்தை உருப்பெருக்கியில் காட்டுகிறேன். நீலம் சில இடத்தில் வெள்ளை மேல் ஏறியிருக்கிறது, சில இடத்தில் எட்டவில்லை. உருவமும் ஜாடியும் ஒரே அச்சில் ஒன்றாக வார்த்தவை, பின்னணிக்கு மட்டும் பிற்பாடு நிறம் தீட்டியிருக்கிறார்கள். இதைப் போலி என்று சொல்ல மாட்டேன். அடியில் அவர்கள் முத்திரை இருக்கிறது, அதற்கென்று சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். ஜாஸ்பர் என்று விலை சொன்னால்தான் தகராறு.

இனி நான் ஆசையாகக் காத்திருந்த பகுதி. வெட்ஜ்வுட் தன் வாழ்க்கையின் பெரிய வேலை என்று எடுத்துக்கொண்டது ஒரு கண்ணாடி ஜாடியை மண்ணில் செய்வதை. போர்ட்லாந்து ஜாடி. ரோமானியர்கள் சுமார் 2000 வருடங்களுக்கு முன் செய்தது, உயரம் சுமார் 25 செ.மீ. கருநீலக் கண்ணாடியின் மேல் வெள்ளைக் கண்ணாடிப் படலம், அந்த வெள்ளையைச் செதுக்கிச் செதுக்கி மனித உருவங்கள். ஜாஸ்பரில் வெள்ளையை மேலே ஒட்டுகிறோம், அங்கே வெள்ளையைக் கழித்து எடுத்திருக்கிறார்கள். போர்ட்லாந்து சீமாட்டியின் சேகரிப்பு 1786இல் ஏலம் போனபோது அவர் மகன் ஜாடியை வாங்கி, வெட்ஜ்வுட்டிடம் கொஞ்ச காலம் கொடுத்து வைத்தார். சரியான முதல் பிரதி 1789இல்தான் சூளையிலிருந்து வந்தது. கொப்புளம், வெடிப்பு, நிறம் கசிதல் என்று அதற்கு முன் எத்தனையோ தோல்வி.

அசல் ஜாடி 1810இலிருந்து பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தது. 1845 பிப்ரவரி 7 அன்று குடிபோதையில் வந்த ஒரு இளைஞன் பக்கத்திலிருந்த சிற்பம் ஒன்றைத் தூக்கி அதன் மேல் எறிந்தான். ஜாடி 200க்கு மேற்பட்ட துண்டுகளாகிவிட்டது. அன்றைய சட்டத்தில், அவ்வளவு விலையுள்ள பொருளைச் சேதப்படுத்தியதற்கு அவனைத் தண்டிக்க வழியில்லை. ஜாடியை மூடியிருந்த கண்ணாடிப் பெட்டியை உடைத்ததற்குத்தான் அபராதம் போட்டார்கள்.

மியூசியத்தில் பழுது பார்க்கும் ஜான் டபுள்டே அதே வருடம் ஒட்டி முடித்தார். 37 சின்னத் துண்டுகளுக்கு மட்டும் இடம் தெரியவில்லை. யாரோ அவற்றை ஒரு பெட்டி செய்பவரிடம் கொண்டுபோய், துண்டுக்கு ஒரு அறையாக 37 அறை வைத்துப் பெட்டி கேட்டார்கள். அப்புறம் யாரும் வாங்க வரவில்லை. நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 1948இல்தான் அவை மியூசியத்துக்குத் திரும்பின. அந்த முறை சிலதுக்குத்தான் இடம் கிடைத்தது. 1980களின் முடிவில் பழைய பசையை எல்லாம் நீக்கி மூன்றாவது முறை ஒட்டியபோது மீதியில் பலவும் உள்ளே போயின.

கண்ணாடிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்டூர்பிரிட்ஜ் பக்கத்து ஜான் நார்த்வுட் இந்த ஜாடியைக் கண்ணாடியிலேயே திரும்பச் செதுக்க உட்கார்ந்தார். அமிலத்தால் வேண்டாத வெள்ளையைக் கரைத்து, மீதியை எஃகு உளியால் கையாலேயே செதுக்கினார். மூன்று வருடம். முடிகிற நேரத்தில் ஜாடி விரிசல் விட்டுவிட்டது. ஒட்டி வைத்து வேலையைத் தொடர்ந்து 1876இல் முடித்தார். அது இப்போது அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் இப்படி மேல் படலத்தைச் செதுக்கி உருவம் எடுக்கும் கேமியோ கண்ணாடிக்கே ஒரு அலை வந்தது. கேமியோ என்று சொல்லி உங்களிடம் விற்க வந்தால், வெள்ளையின் ஓரத்தில் நகத்தை வையுங்கள். செதுக்கியதில் உளி போன தடம் இருக்கும். எனாமல் தீட்டியதில் தூரிகை வழிந்த மேடு இருக்கும்.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. ஜாஸ்பரில் பூச்சு இல்லாததால் விரல் அழுக்கு மடிப்புகளில் தங்கும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பிரஷ், அவ்வளவுதான். டிஷ்வாஷரில் போடாதீர்கள். உடைந்து பசையால் ஒட்டிய பொருளாக இருந்தால் தண்ணீரில் ஊறவே வைக்காதீர்கள், பசை விட்டுவிடும்.

லண்டன் வந்தால் பிரிட்டிஷ் மியூசியத்தில் 70ஆம் எண் அறைக்குப் போங்கள், போர்ட்லாந்து ஜாடி அங்கேதான் இருக்கிறது. நேரே நின்று ஒரு முறை பாருங்கள். அப்புறம் பக்கவாட்டுக்கு நகர்ந்து, வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் நின்று நீலத்தை உற்றுப் பாருங்கள். ஒட்டிய கோடுகள் மெல்லத் தெரியும்.