லிவரை எப்போது விடுவது

உதகை வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். கேத்திப் பக்கம் முப்பது வருஷமாக பம்ப்செட், பவர் டில்லர், ஸ்பிரேயர் என்று சின்ன டீசல் என்ஜின்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிற மெக்கானிக் நான். டிசம்பர், ஜனவரி வந்துவிட்டால் காலை ஐந்து மணிக்கே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "அண்ணா, என்ஜின் எடுக்கவே மாட்டேங்குது" என்பார்கள். ராத்திரி விழுந்த உறைபனியில் கேரட் இலையெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும், வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவியாக வேண்டும், ஓடையோரத்தில் என்ஜின் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் என்ஜினில் பழுதே இருக்காது. கையால் சுற்றி என்ஜினை எடுக்க ஹேண்டில் போடுகிற முறையில்தான், அதிலும் அந்தக் கம்ப்ரஷன் லிவரை விடுகிற நேரத்தில்தான் கோளாறு.

டீசல் என்ஜினில் பிளக் கிடையாது, தீப்பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறது இல்லையா, அந்தச் சூடுதான் இங்கே நெருப்பு. 17 பங்கு இடத்தில் இருந்த காற்றைப் பிஸ்டன் ஒரு பங்கு இடத்துக்குள் நசுக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது, அந்த நேரம் பார்த்து நாசில் என்கிற தூவுமுனை டீசலைத் தூவுகிறது, தானாகப் பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய என்ஜினிலிருந்து உங்கள் ஓடையோரத்து 5 குதிரைசக்தி என்ஜின் வரைக்கும் அடிப்படை இதுதான்.

ஆனால் அப்படி நசுக்குவது லேசான வேலையா? லிவரைத் தூக்காமல் ஒரு தடவை ஹேண்டிலைச் சுற்றிப் பாருங்கள், பாதிச் சுற்றிலேயே பாறையில் முட்டின மாதிரி நின்றுவிடும். அதற்காகத்தான் சிலிண்டருக்கு மூடியாக இருக்கிற ஹெட்டின் மேல் அந்தச் சின்ன லிவரை வைத்திருக்கிறார்கள். அதைத் தூக்கினால், புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் நூலளவு திறந்தே நிற்கும், காற்று நசுங்காமல் வெளியே போய்விடும், ஹேண்டில் லேசாகச் சுற்றும். பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இந்தச் சங்கதி தெரியும், கிளட்ச் பக்கம் அதிலும் ஒரு சின்ன லிவர் உண்டு.

இது கைக்குச் சுமை குறைக்கிற லிவர் என்பதோடு பெரும்பாலானவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அது பாதிதான். காற்று தடுக்காத அந்தக் கொஞ்ச நேரத்தில் பிளைவீலுக்கு வேகம் ஏற்றிக்கொள்ளத்தான் லிவர். லிவரை விட்டு வால்வு மூடிய அடுத்த கணம் பிஸ்டனை உச்சி தாண்டித் தள்ளப்போவது பிளைவீல்தான், எவ்வளவு பெரிய பலசாலியின் கையாலும் அது நடக்காது. அந்தக் கனத்த சக்கரத்தை வைத்திருப்பதே இதற்கும் சேர்த்துத்தான்.

வேகத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மெதுவாக நசுக்கினால் காற்று பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் வழியாகக் கசியும், உண்டான சூட்டை ஜில்லிட்டுப் போன சிலிண்டர் சுவர் உறிஞ்சிவிடும். நம்ம ஊரில் இது இரட்டைக் கஷ்டம். 30 டிகிரி வெப்பத்தில் உள்ளே போகிற காற்று கசிவில்லாமல் நசுங்கினால், சுவர் உறிஞ்சுகிற சூடு போக, கணக்குப்படி சுமார் 540 டிகிரி வரை ஏறும், அதே காற்று 0 டிகிரியில் போனால் 460 பக்கத்தில்தான் நிற்கும். வெளியே குறைந்த 30 டிகிரி, உள்ளே 80 டிகிரியாகக் குறைகிறது. போதாததற்கு உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடலோரத்துக் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம்தான் இங்கே கிடைக்கும். கோயம்புத்தூரில் நாலு சுற்றில் பிடித்த என்ஜின் இங்கே பத்துச் சுற்று கேட்கிறது என்றால் உங்களை ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை.

எனக்குப் பதினேழு வயதில் சித்தப்பாவின் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இதே மாதிரி ஒரு ஜனவரி விடியல். நல்ல பலம் இருக்கிறது என்ற நினைப்பில் மூன்றே சுற்று சுற்றிவிட்டு லிவரைத் தட்டிவிட்டேன். சக்கரம் அப்படியே நின்று, ஒரு வெடி வெடித்து, பின்பக்கமாகத் திரும்பியது. ஹேண்டில் என் முன்கையில் அடித்த அடியில் ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு என்ஜினை எடுத்துக் கொடுத்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், ஒல்லி உடம்பு, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். லிவரைத் தூக்கிவிட்டு நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தார். நாலைந்து சுற்றில் ஹெட்டுக்குள்ளிருந்து கிர்ர், கிர்ர் என்று ஒரு சத்தம். "கேக்குதா தம்பி, நாசில் பேசுது, டீசல் வந்துருச்சு. இனிமே வேகம் ஏத்தணும்" என்றார். இன்னும் எட்டுப் பத்துச் சுற்று, ஒவ்வொன்றும் முந்தினதை விட வேகமாக. சக்கரம் அவர் கையைத் தாண்டி ஓடப் பார்க்கிற அந்தக் கட்டத்தில் லிவரை விட்டார், ஆனால் சுற்றுவதை நிறுத்தவில்லை. டுப் என்று ஒன்று, அப்புறம் டுப் டுப் டுப்.

அந்தக் கிர்ர் சத்தத்தைத் தயவுசெய்து காது கொடுத்துக் கேளுங்கள். அது வரவில்லை என்றால் நாசிலுக்கு டீசல் போகவில்லை, லைனில், அதாவது டீசல் குழாயில், ஏர் பிடித்திருக்கும், ஏர் எடுக்காமல் நாள் முழுக்கச் சுற்றினாலும் கைவலிதான் மிச்சம். சத்தம் வந்தால் வேகம் ஏற்றுங்கள். விட்ட பிறகும் ஒரு சுற்று கூடவே போங்கள், லிவரை விட்டதும் கையைத் தளர்த்துகிறவர்கள்தான் அதிகம்.

கட்டை விரலை மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள். ஹேண்டிலைச் சுற்றி வளைத்துப் பிடித்தால் எதிர்த்து அடிக்கும்போது அந்த விரல்தான் போகும். வேகம் பத்தாமல் பற்றினால் சில சமயம் என்ஜின் தலைகீழாகவே ஓடத் தொடங்கிவிடும், புகை சைலென்சர் பக்கம் வராமல் ஏர் ஃபில்டர் வழியாக வரும். ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள், உடனே டீசலை அடைத்து நிறுத்துங்கள்.

கயிறு இழுக்கிற, காற்றாலேயே குளிர்கிற சின்ன ஏர்கூல்டு என்ஜின்களில் முறை வேறு. அதில் முதலில் லிவரைத் தொடாமல் கயிற்றை மெல்ல இழுத்து, கெட்டியாகத் தடுக்கிற இடம் வந்ததும் திரும்ப விட வேண்டும். அப்புறம் லிவரை அழுத்திவிட்டு ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். லிவர் தானாகவே திரும்பிக்கொள்ளும், அதை விரலால் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கோத்தகிரிப் பக்கம் தனியாளாக விவசாயம் பார்க்கிற ஒரு அக்கா போன வருஷம் பவர் டில்லரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். கீழே ஒரு பட்டறையில் ரிங் மாற்றி, சிலிண்டரைக் கடைந்து போர் செய்து, நல்ல தொகை வாங்கியிருக்கிறார்கள், அப்படியும் பிடிக்கவில்லை. "பொம்பளை கைக்கு இது வராதும்மா, ஆள் வெச்சுக்கோங்க" என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் வால்வு மூடியைக் கழற்றினேன். லிவரைக் கீழே விட்ட பிறகும் வால்வை அழுத்தித் திறக்கிற எக்ஸாஸ்ட் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு தாள் கூட நுழையவில்லை. லிவரின் தண்டு துருவும் கரியும் ஏறி இறுகி, பாதியிலேயே நின்றிருந்தது. வால்வு எப்போதும் மயிரிழை திறந்தே கிடந்தால் எந்த ரிங் போட்டு என்ன பயன்? தண்டை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு சொட்டு ஆயில் விட்டு மாட்டினேன், டேப்பட் வைத்து, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியைச் சரிசெய்தேன். அந்த அக்காவே ஹேண்டில் போட்டார், இரண்டாவது தடவையில் எடுத்தது. இன்றைக்கும் அவரேதான் ஓட்டுகிறார். ஆகவே கம்ப்ரஷன் இல்லை என்று யாராவது சொன்னால் ஹெட்டைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால் லிவர் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். இது ஐந்து நிமிஷ வேலை. லிவர் ஆடுகிறது என்று கம்பி போட்டுக் கட்டி வைக்கிற பழக்கமும் வேண்டாம்.

ஓடுகிற என்ஜினை லிவரைத் தூக்கி நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்படிச் செய்தால் ஓடுகிற வேகத்தில் ராக்கரும் வால்வும் லிவரின் முனையில் அடி வாங்கும். டீசலை அடைத்து நிறுத்துங்கள், சக்கரம் ஓய்கிற கடைசிக் கட்டத்தில் வேண்டுமானால் லிவரைத் தொடலாம். டீசல் பம்ப் சிக்கி என்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடினால் மட்டும் யோசிக்காதீர்கள், லிவரைத் தூக்குங்கள், காற்று போகிற வாயைப் பலகையால் அடைத்துவிடுங்கள், வால்வு போனாலும் பரவாயில்லை.

கடுங்குளிர் நாளில், சட்டெனப் பற்றுகிற ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயைக் காற்று போகிற வாயில் அடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். கையால் சுற்றுகிற என்ஜினுக்கு அது வேண்டவே வேண்டாம், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பற்றிக்கொண்டு ஹேண்டிலை உங்கள் மேலேயே திருப்பிவிடும். வாட்டர்கூல்டு என்ஜின் என்றால் அடுப்பில் ஒரு குடம் தண்ணீரைக் கை பொறுக்கிற சூட்டுக்குக் காய்ச்சி, அதன் தண்ணீர் அறையில் ஊற்றி ஐந்து நிமிஷம் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் வார்ப்பு விரிசல் விடும். ஏர்கூல்டு என்றால் ராத்திரியே சாக்குப் போட்டு மூடி வையுங்கள், சாக்கை எடுத்துவிட்டு லிவரைத் தூக்கி வழக்கத்தை விட இன்னும் பத்துச் சுற்று கூடச் சுற்றுங்கள், கெட்டிப்பட்ட ஆயில் இளகும். எடுத்த உடனே முழு வேகம் கொடுக்காமல் இரண்டு மூன்று நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, அதற்குப் பிறகு ஸ்பிரிங்ளர் வால்வைத் திறங்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் என்ஜினில் நிற்கிற தண்ணீரை வடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், தலைகுந்தா, அவலாஞ்சி மாதிரி உறைபனி விழுகிற பள்ளங்களில் இருக்கிறவர்கள் கட்டாயம். நன்றி, வணக்கம்.