ஃபூக்கோவைப் படிக்க அவருடைய உரைகளிலிருந்து தொடங்கலாமா?

வணக்கம். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் மிஷெல் ஃபூக்கோவைப் பற்றி, தத்துவத்தில் முதுகலை படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "மிஷெல் ஃபூக்கோவின் புத்தகங்களுக்குள் நுழையவே முடியவில்லை. பாரிஸில் அவர் ஆற்றிய உரைகளின் தொகுப்புகள் ஓரளவு புரிகின்றன. அவற்றிலிருந்தே தொடங்கலாமா? மொழியியலாளர் சோம்ஸ்கியோடு அவர் நடத்திய விவாதத்தையும் பார்த்தேன். இவற்றையெல்லாம் ஆய்வுக் கட்டுரையில் அவருடைய கருத்து என்று மேற்கோள் காட்டலாமா?"

தொடங்கலாம், தாராளமாக. மேற்கோள் விஷயத்தில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். அதற்கு முதலில் இந்த உரைகள் எப்படிப்பட்டவை என்று தெரிய வேண்டும்.

இவை நடந்த இடம் பாரிஸில் உள்ள கொலேஜ் து பிரான்ஸ் என்ற உயர் ஆய்வு நிறுவனம். 1530இல் தொடங்கியது. அங்கே சேர்க்கை கிடையாது, தேர்வு கிடையாது, பட்டமும் கிடையாது. யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் ஃபூக்கோ காலத்தில் பேராசிரியருக்கு ஒரு கட்டாயம் இருந்தது: வருடத்துக்கு 26 மணி நேரம், அதுவும் தான் அப்போது செய்துகொண்டிருக்கும் புதிய ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும். போன வருடக் குறிப்பை வைத்து ஓட்ட முடியாது. 1970 டிசம்பரில் தொடக்க உரை ஆற்றிய ஃபூக்கோ, விடுப்பு எடுத்த 1977ஐத் தவிர, 1984இல் இறக்கும்வரை ஒவ்வொரு ஆண்டும் அங்கே பேசினார். கூட்டம் நெரிந்தது. 1976இல், ஆட்கள் குறையட்டும் என்று மாலை வகுப்பைக் காலைக்கு மாற்றியும் பார்த்தார். மேசை முழுக்கக் கேசட் ரெக்கார்டர்கள். ஆனால் அத்தனை பேர் இருந்தும் கேள்வி கேட்பவர் இல்லை. பேசியது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை என்று அவரே வருத்தப்பட்டிருக்கிறார்.

தன் மரணத்துக்குப் பிறகு எதையும் புத்தகமாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர். இருந்தும், எல்லோர் முன்னாலும் பேசி, நாடாக்களில் பதிவானவைதானே என்ற நியாயத்தின் பேரில் 1997 முதல் இந்த உரைகள் ஒவ்வொன்றாக வெளிவந்து, 2015இல் வரிசை முடிந்தது.

இவை ஏன் முக்கியம்? 1976இல் 'பாலியலின் வரலாறு' முதல் பாகம் வருகிறது. அடுத்த இரண்டு பாகங்கள் 1984இல்தான். நடுவில் எட்டு ஆண்டுகள். முதல் பாகத்தில் நவீன அதிகாரத்தைப் பேசியவர், இரண்டாம் பாகத்தில் திடீரென்று பண்டைய கிரேக்கர்களிடம் போய் நிற்கிறார். புத்தகங்களை மட்டும் படிப்பவருக்கு இது புரியாது. எந்த வழியாகப் போனார் என்பது உரைகளில்தான் இருக்கிறது.

1978ஆம் ஆண்டு உரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு, நிலப்பரப்பு, மக்கள்தொகை என்று தலைப்பு அறிவித்துத் தொடங்குகிறார். நான்காவது வாரம், பிப்ரவரி 1ஆம் தேதி, இந்தத் தலைப்பு இனி பொருந்தாது, நான் செய்ய நினைப்பது வேறு, அது ஆளும் முறைகளின் வரலாறு என்கிறார். பாடத்தின் நடுவே, எல்லோர் முன்னாலும், திசை மாறுகிறது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

அடுத்த வாரம் மேய்ப்பரைப் பற்றிப் பேசுகிறார். கிரேக்கக் கடவுளுக்கு ஒரு நகரம் உண்டு, அதற்கு மதில் உண்டு. எபிரேயக் கடவுளோ மேய்ப்பர். அவர் அதிகாரம் நிலத்தின் மேல் இல்லை, நகர்ந்துகொண்டே இருக்கும் மந்தையின் மேல். மந்தை முழுவதையும் காக்க வேண்டும், அதே சமயம் ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியாக அறிந்திருக்க வேண்டும். காணாமல் போன ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தேடிப் போகவும் வேண்டும். இந்த அதிகாரம் அக்கறையின் வடிவத்தில் வருகிறது. கிறிஸ்தவத் திருச்சபை இதை நிறுவனமாக்குகிறது. பாவமன்னிப்பு, வழிகாட்டுதல் என்று ஒவ்வொரு மனத்துக்குள்ளும் போகிறது. நவீன அரசு நம் ஒவ்வொருவரின் உடல்நலத்தையும் பிறப்பையும் இறப்பையும் கணக்கில் வைக்கிறதே, அதன் பின்னணியில் இந்த மேய்ப்பர் இருக்கிறார் என்பதுதான் அவர் சொல்ல வருவது. அங்கிருந்துதான், ஒருவர் தன்னைத்தானே எப்படி நடத்திக்கொள்கிறார் என்ற கேள்விக்கும், கிரேக்கர்களுக்கும் மெல்லப் போகிறார்.

அப்புறம் 1979. தலைப்பு உயிரரசியலின் பிறப்பு. உயிரரசியல் என்றால் மக்களின் உடல்நலம், பிறப்பு, இறப்பு ஆகியவற்றை அரசு நிர்வகிப்பது. ஆனால் உள்ளே உயிரரசியல் கொஞ்சம்தான்; பெரும்பகுதி ஜெர்மானிய, அமெரிக்க நவதாராளவாதம், அதாவது சந்தையின் தர்க்கத்தை வாழ்க்கையின் எல்லாத் துறைகளுக்கும் பொருத்தும் சிந்தனை. மேற்கோள் சிக்கல் இங்கேதான் வருகிறது. இந்த அமெரிக்க வகையைச் சேர்ந்த சிகாகோ பொருளியலாளர்கள் தாய் குழந்தையோடு செலவிடும் நேரத்தைக்கூட 'மனித மூலதனத்தில்', அதாவது ஒருவரின் பிற்கால வருமானத்துக்கு உதவும் திறன்களில், செய்யும் முதலீடாகப் பார்க்கிறார்கள். இதை அவர்கள் தரப்பிலிருந்தே ஃபூக்கோ நிதானமாக விளக்குகிறார். நடுவில் நிறுத்தி 'இது தவறு' என்று சொல்வதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, அவர் கடைசியில் நவதாராளவாதியாகிவிட்டாரா என்று இன்றும் சண்டை நடக்கிறது. அடுத்தவர் வாதத்தை அவர் எடுத்துச் சொல்லும் வரியை அவருடைய நிலைப்பாடு என்று எழுதினால், உங்கள் கட்டுரை அங்கேயே சாய்ந்துவிடும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். 1982 வரை, ஒவ்வோர் ஆண்டும் முடிந்ததும் அந்த ஆண்டின் உரைகளுக்கு அவரே ஒரு சுருக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். தொகுப்பின் கடைசியில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். உரையிலிருந்து எடுக்கும்போது தேதியைக் குறிப்பிடுங்கள். அதே விஷயம் புத்தகத்தில் இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சோம்ஸ்கியோடு நடந்தது வேறு வகை. 1971இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சிக்காக அந்நாட்டின் ஐந்தோவன் நகரில் நடந்த விவாதம் அது. இங்கே எதிரே ஒருவர் உட்கார்ந்து மடக்குகிறார். நீதி வேண்டும் என்பதால்தானே போராட வேண்டும் என்று சோம்ஸ்கி அழுத்துகிறார். பாட்டாளி வர்க்கம் போராடுவது அது நீதி என்பதால் அல்ல, அதிகாரத்தைக் கைப்பற்ற விரும்புவதால் என்று ஃபூக்கோ பதில் தருகிறார். ஐந்தே ஆண்டில், 1976 புத்தகத்தில், அதிகாரம் என்பது ஒருவர் கைப்பற்றி வைத்துக்கொள்ளும் பொருளே அல்ல என்று எழுதுகிறார். விவாதத்தின் வரியை மட்டும் எடுத்தால் நேர் எதிரான ஃபூக்கோதான் உங்களுக்குக் கிடைப்பார். அதை மேற்கோள் காட்டுவதானால் சோம்ஸ்கி கேட்ட கேள்வியையும் சேர்த்தே காட்டுங்கள், 1976ஐயும் சொல்லுங்கள்.

தொடங்க ஒரே ஓர் உரை சொல்லுங்கள் என்றால், 1978 பிப்ரவரி 8. அந்த மேய்ப்பர் உரைதான். முன்பின் எதுவும் தெரியாமலே படிக்கலாம்.