எட்டு குழி மனைக்கு மூன்று வேலி நெல்

நேயர்களுக்கு வணக்கம். மனை விலை எங்கேயோ போய்விட்டது என்று எல்லோரும்தான் சொல்கிறோம். எவ்வளவு தூரம் போனது என்பதை நம் ஊர்க் கணக்கிலேயே போட்டுப் பார்ப்போம்.

2000-01இல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 510 ரூபாய். 2025-26இல் 2,369. மாநில அரசின் ஊக்கத்தொகை 131 சேர்த்து, கொள்முதல் நிலையத்தில் 2,500. கால் நூற்றாண்டில் ஐந்து மடங்குகூட ஏறவில்லை. மனை விலையும் அதே அளவுதான் ஏறியதா என்று மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

பைபாஸ் பக்கம் 1,200 சதுர அடி மனை, சதுர அடி ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 லட்சம். ஒரு குழி 144 சதுர அடி. ஆக, எட்டு குழி சொச்சம். இப்போது வயலுக்கு வாருங்கள். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 40 கண்டால் 24 குவிண்டால், 60,000 ரூபாய். 12 லட்சத்துக்கு 20 ஏக்கர் வேண்டும். அதாவது மூன்று வேலி! உழவு, நடவு, உரம், அறுப்பு மெஷின் வாடகை எதையும் கழிக்கவில்லை. மூன்று வேலி வைத்திருப்பவரே இன்று அபூர்வம். அவருடைய ஒரு போக நெல்லும் போனால் எட்டு குழி வெறும் தரை. வீடு கட்டுவது அப்புறம். கொள்ளிடக் கரையில் குடியிருப்பவரும் ஆற்று மணலுக்குப் பதிலாக எம்-சாண்ட் (கல்லை அரைத்த மணல்) லோடுக்குக் காசு எண்ணி வைக்கிற காலம் இது.

இந்த விலையை வயல் வைக்கவில்லை. சிங்கப்பூர், துபாய், சென்னைச் சம்பளம் வைக்கிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறக்காத வருஷம் குறுவை போச்சு. ரோட்டோரத்து வயல்காரர் எத்தனை வருஷம் தாங்குவார்? வயலை மனைக்கல் ஊன்ற விட்டுவிடுகிறார். 2016இல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய உயர் நீதிமன்றம் தடை போட்டதும், அப்ரூவல் மனைக்குத் தனி மவுசு வந்தது. விலை ஏறினாலும் அந்தத் தடை தேவைதான் என்பேன். வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டதையெல்லாம் பார்த்தவர்கள்தானே நாம்.

கடன் வாங்கலாமே என்பார்கள். கோயிலுக்குச் சொந்தமான அடிமனையில் வீடு இருந்தால் வங்கியில் பேச்சே இல்லை, பட்டா கேட்பார்கள். பட்டா இருந்தால்? 20 லட்சம், எட்டரை வட்டி, 20 வருஷம்: மாதத் தவணை 17,350 ரூபாய்க்கு மேல். தவணை எல்லாம் கட்டி முடிக்கையில் 41 லட்சத்தைத் தாண்டியிருக்கும். ஜவுளிக்கடையில் மாதம் 15,000 வாங்குகிறவர் இதில் எங்கே வருகிறார்?

பத்திரச் செலவும் இருக்கிறது: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. நல்ல சலுகைதான், ஆனால் 10 லட்சம் மதிப்பு வரைக்கும்தான். நம் 12 லட்ச மனைக்கு அது கிடையாது. பத்திரத்தில் எவ்வளவு எழுதுவார்கள் என்பது வேறு கதை, அதை வானொலியில் பேச வேண்டாம். வணக்கம்.