வாடகை ஒப்பந்தப் பதிவு: அந்த 5,000 ரூபாய் ஃபார்வர்டும், பெரியம்மாவின் மஞ்சள் தடவிய பத்திரமும்

வணக்கம் மக்களே! மாடித்தோட்டம் வீடியோ வரும் என்று சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். கத்தரி நாற்று காத்திருக்கும். இந்த விஷயம் காத்திருக்காது.

2025 கடைசியில் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு கிளம்பியது, ஞாபகம் இருக்கிறதா? ‘புதிய வாடகை விதிகள், நாடு முழுக்க அமல், 60 நாளில் ஒப்பந்தத்தைப் பதியாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம், அட்வான்ஸ் இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது’ என்று. அதே மெசேஜ் இந்த வாரம் மறுபடியும் சுற்றுகிறது. எங்கள் தெருவில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற எல்லாருடைய போனிலும் இருக்கிறது. எதிர்வீட்டுப் பெரியம்மா, நம் சேனலில் முருங்கைக்கீரை அடை செய்து காட்டினாரே, அவரேதான், காலையிலேயே படி ஏறி வந்துவிட்டார். கையில் பத்திரம், முகத்தில் பயம். “ஏம்மா, மூணு லைன் வீட்டுக்கும் சேர்த்துப் பதினஞ்சாயிரம் கட்டணுமா?” என்று கேட்கிறார். எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! பயந்த மனிதர்களிடம் இப்படி ஒன்றைத் தட்டி விடுகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது.

சரி, முதலில் அந்த மெசேஜை முடித்துவிடுகிறேன். வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் உள்ள உறவு அரசியல் சட்டத்தில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசு 2021 ஜூனில் மாதிரி வாடகைச் சட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. வீட்டுக்கு இரண்டு மாத அட்வான்ஸ், ஒப்பந்தத்தை இரண்டு மாதத்துக்குள் வாடகை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது மாதிரிதான். ஒரு மாநிலம் எடுத்துச் சட்டமாக்கினால்தான் அங்கே செல்லும். அதிலிருந்து இரண்டு வரியை உருவி, மேலே ஓர் அபராதத்தை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

அப்பாடா என்று போனைக் கீழே வைத்துவிடாதீர்கள். நமக்கென்று தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை. சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம், 2017. அமலுக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. அதோடு 1960-இல் வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போனது. இந்தப் புதுச் சட்டப்படி வாய்வார்த்தையில் வீடு விடக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், கையெழுத்தான நாளிலிருந்து 90 நாளுக்குள் அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இந்த அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர், மாவட்ட ஆட்சியர் நியமிப்பவர். விண்ணப்பத்தை அரசின் தளத்திலேயே ஆன்லைனில் போடலாம். உரிமையாளரும் போடலாம், வாடகைதாரரும் போடலாம். பதிந்தால் ஒரு பதிவு எண் தருவார்கள்.

இங்கேதான் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். “அக்கா, நாங்கள் பதினொரு மாதத்துக்குத்தானே எழுதுகிறோம், பதிவு தேவையில்லையே?” இந்தப் பதினொரு மாதக் கணக்கு சார்பதிவாளர் அலுவலகத்துக்கான கணக்கு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவுச் சட்டப்படி அங்கே கட்டாயம் பதிய வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் நம் ஊரில் காலம் காலமாகப் பதினொரு மாதம் என்று எழுதுகிறோம். வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு வேலை. அதில் பதினொரு மாதம், மூன்று வருஷம் என்ற பேதம் கிடையாது. ஆறு மாதத்துக்கு எழுதினாலும் பதியத்தான் வேண்டும்.

அபராதம் இல்லையென்றால் எதற்குப் பதிய வேண்டும் என்று எங்கள் பக்கத்துத் தெரு வாத்தியார் கேட்டார். ரிட்டயர்டு ஆனவர், மாடி போர்ஷனை விட்டிருக்கிறார். சட்டத்தில் 4-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பதிய வேண்டிய ஒப்பந்தத்தைப் பதியாமல் வைத்திருந்தால் அதைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். நாளைக்கு வாடகை நின்றுபோய், வீட்டைக் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போகிறீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி இருந்தாலே கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது குடி வந்தார்கள் என்று காட்ட உங்கள் கையில் இருப்பது செல்லாத காகிதம். 5,000 ரூபாயெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நம் வீட்டை நாமே திரும்பக் கேட்க முடியாமல் நிற்பது எவ்வளவு பெரிய வேதனை என்று வீடு விட்டவர்களுக்குத் தெரியும்.

இப்போது பெரியம்மா கதைக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். அவர் முதலில் போனது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரௌசிங் சென்டருக்கு. அங்கே ஒரு வீட்டுக்கு 1,500 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு! அந்த லைன் வீட்டின் வாடகையே 4,500 ரூபாய்தான். ஒரு படிவத்தை நிரப்பி, ஒரு கோப்பை ஏற்றுவதற்கு மாத வாடகையில் மூன்றில் ஒரு பங்கா? நியாயமான கூலியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்பது, நூறு வாங்கட்டும். ஆயிரத்து ஐந்நூறு என்று வயதானவரிடம் வாய் கூசாமல் கேட்டதுதான் எனக்கு ஆறவில்லை. ஸ்கேன் மட்டும் செய்து பென் டிரைவில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த ஸ்கேன் இருக்கிறதே! எட்டுப் பக்கம், எல்லாம் கலரில், போஸ்டர் அடிக்கிற தரத்தில். கோப்பு அவ்வளவு பெரியது, ஏறவே இல்லை. சரி, கருப்பு வெள்ளையாக மாற்றிச் சுருக்கலாம் என்று பார்த்தால் அடுத்த சிக்கல். பெரியம்மா வழக்கப்படி ஒப்பந்தத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறார். முதல் பக்கத்தில் மட்டும் இல்லை, எல்லாப் பக்கத்திலும், தாராளமாக. நம் கண்ணுக்கு அது மங்கலமாக இருக்கிறது. கருப்பு வெள்ளையில் போட்டால் அத்தனை மூலையும் கரிப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. வலது கீழ் மூலையில்தான் வாடகைதாரர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு கையெழுத்துகூடத் தெரியவில்லை.

வேறு ஒப்பந்தம் எழுதிவிடலாமே என்று என் தம்பி சொன்னான். எதற்கு? மஞ்சள் தடவியதற்காகவா? எனக்கு மனசு ஒப்பவில்லை. பத்திரத்தை ஜன்னலோரம் மேசையில் வைத்தேன். நேர் வெயில் விழாத வெளிச்சம். போனில் ஸ்கேன் செய்கிற செயலியைத் திறந்து, கருப்பு வெள்ளை, கலர் இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் சாம்பல் நிறம் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதைத் தொட்டேன். அதில் மஞ்சள் வெறும் வெளிர் சாம்பலாக மாறியது, நீல மை கையெழுத்து அதன் மேல் பளிச்சென்று நின்றது! பிறகு பக்கத்தின் அளவைக் குறைத்து ஒரே பிடிஎஃப்பாகச் சேமித்தேன். ஏறிவிட்டது மக்களே. பெரியம்மா கைதட்டிவிட்டார். மொத்தச் செலவு, விண்ணப்பத்தை பிரிண்ட் எடுத்த 12 ரூபாய். இந்தச் சாம்பல் நிறத்தை மட்டும் மறக்காதீர்கள். மஞ்சள், குங்குமம் வைத்த எந்தப் பத்திரத்துக்கும் இது உதவும்.

படிவத்தில் என்னென்ன கேட்கிறார்கள் என்று ஓடவிட்டுச் சொல்கிறேன். இரண்டு தரப்பின் பெயர், முகவரி, போன் நம்பர், பேன் கார்டு நம்பர், ஆதார் நம்பர். வீட்டின் விவரம். எந்தத் தேதியில் சாவி கொடுத்தீர்கள். வாடகை எவ்வளவு, கரன்ட், தண்ணீர் மாதிரிச் செலவெல்லாம் எப்படி. எவ்வளவு காலத்துக்கு. வீட்டோடு கொடுத்த சாமான்கள். இந்தக் கடைசி வரியைத்தான் எல்லாரும் சும்மா விட்டுவிடுகிறார்கள். ஃபேன் எத்தனை, டியூப்லைட் எத்தனை, மோட்டார் யாருடையது, எல்லாவற்றையும் எழுதுங்கள். காலி செய்யும்போது வருகிற சண்டையில் பாதி ஃபேன் சண்டைதான்.

அட, அட்வான்ஸை விட்டுவிட்டேனே! முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். நம் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. ஃபார்வர்டில் வந்த இரண்டு மாதம் மாதிரிச் சட்டத்துக் கணக்கு, நம் சட்டத்துக் கணக்கு இல்லை. பத்து மாதம் வாங்குகிற சென்னைப் பழக்கம் எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை, முன்பே ஒரு வீடியோவில் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு வாங்கினாலும் தொகையை ஒப்பந்தத்தில் எழுத்திலும் எண்ணிலும் எழுதுங்கள். வாடகையை எப்போது, எவ்வளவு ஏற்றுவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஏற்றம் ஒப்பந்தப்படிதான்.

ரிப்பேர் யார் செய்வது என்பதற்குச் சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணையே இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் லைன் மாற்றுவது, வயரிங், இதெல்லாம் உரிமையாளர். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், வாஷ்பேசின், கதவுப் பூட்டு, கொசுவலை, உடைந்த கண்ணாடி, இதெல்லாம் குடியிருப்பவர். ஒரு வாஷருக்காக இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்தியதைப் பார்த்தவள் நான். அந்த அட்டவணையை ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், தீர்ந்தது.

இன்னொன்று, இதைச் சிலர் கேட்க விரும்ப மாட்டீர்கள். வாடகை தாமதமானால் தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, இதையெல்லாம் சட்டம் தடை செய்திருக்கிறது. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் கரன்டைப் பிடுங்கியவரை எனக்குத் தெரியும், அன்றிலிருந்து அவர் வீட்டு விசேஷத்துக்குக்கூட நான் போவதில்லை. பாக்கி இருந்தால் நீதிமன்றம் இருக்கிறது, அங்கே போங்கள்.

சட்டம் வருவதற்கு முன்பே குடியிருப்பவர்கள் இருந்தால்? அவர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் போட 575 நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள், அது 2020 செப்டம்பரோடு முடிந்தது. வாத்தியார் வீட்டு மாடியில் இருப்பவர்கள் அப்படித்தான், 2014-இலிருந்து எழுத்தே இல்லாமல். அவர்கள் கையெழுத்துப் போட மறுத்தால் என்ன செய்ய என்று கேட்டார். ஒப்பந்தம் போடத் தவறியதையே ஒரு காரணமாகக் காட்டி வாடகை நீதிமன்றத்தை அணுகச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் ஒரு வக்கீலைப் பாருங்கள், என் வீடியோவை வைத்து வழக்கு நடத்தாதீர்கள். ஆனால் முதலில் ஒரு காபி கொடுத்து உட்கார வைத்துப் பேசுங்கள் என்றேன். பேசினார். அவர்களும் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டார்களாம், போன் பண்ணிச் சொன்னார்.

ஒத்திக்கு விட்டிருக்கிற மதுரைக்காரர்கள் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒத்தி, அதாவது மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் வீட்டை விடுவது, வேறு கணக்கு, அந்த அடமானப் பத்திரம் சார்பதிவாளரிடம் போக வேண்டியது. இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், தனி வீடியோ போடுகிறேன். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கிற வாடகைதாரர் விவரப் படிவமும் தனி. அதைக் கொடுத்துவிட்டதால் இது முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

பெரியம்மாவுக்கு இரண்டு வீடு முடிந்தது. மூன்றாவது வீட்டில் இருக்கும் பையன் சிவகாசிக்குப் போயிருக்கிறான், சனிக்கிழமை வருகிறான், அவனுடைய பேன் கார்டு நகல் வேண்டும். வந்ததும் அதை முழுதாகத் திரையில் காட்டியே செய்கிறேன், எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று. உங்களுக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்று கீழே எழுதுங்கள். ஆதார் நம்பரை மட்டும் கமென்ட்டில் போட்டுவிடாதீர்கள், போன தடவை மூன்று பேர் போட்டு நான்தான் உட்கார்ந்து அழித்தேன். வரட்டுமா மக்களே.