காகிதத் தோட்டாவும் மழைக்காலமும்

நேயர்களுக்கு வணக்கம். பழைய தோட்டா சேகரிப்பைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒரு குதிரை லாயத்துக் கதை. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் தோட்டாக்களை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தது. மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாமலேயே பித்தளைக் கூடுகள் விரிசல் விட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து பித்தளையைப் பிளந்திருக்கிறது. இந்த விளக்கம் 1921-இல்தான் வெளிவந்தது. அதனால்தான் சொல்கிறேன், பழைய தோட்டாவின் பித்தளை கறுத்திருந்தால் அப்படியே இருக்கட்டும். பளபளப்பாக்கும் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது.

இன்று பேச வந்தது அமெரிக்காவின் ஷாட்கன் தோட்டாக்களைப் பற்றி. ரெமிங்டன் நிறுவனம் 1960-இல் பிளாஸ்டிக் கூட்டைக் கொண்டுவரும் வரை, பெரும்பாலும் மெழுகேற்றிய காகிதக் குழாய்தான். அடியில் பித்தளை, உள்ளே வெடிமருந்து, கம்பளி வில்லை, ஈய ரவை எனும் சிறு குண்டுகள், வாயை மூட ஓர் அட்டை வில்லை. ரவையின் அளவைச் சொல்லும் எண்ணை அந்த அட்டையில் அச்சடித்திருப்பார்கள். எனக்கு இந்தத் தோட்டாக்கள் மேல் பிரியம் வந்ததே அந்தக் குட்டி அச்செழுத்தைப் பார்த்துத்தான்.

சரி, மதிப்பு எதில் இருக்கிறது? பெரும்பாலும் பெட்டியில். 25 தோட்டா அடங்கிய, தனி மூடி போட்ட பழைய அட்டைப் பெட்டியில் வாத்தும் வேட்டை நாயும் படமாக இருக்கும். மூலை நசுங்காமல், பெட்டியை மூடி ஒட்டிய முத்திரைத் தாள் கிழியாமல் இருந்தால் அதற்கு ஏக கிராக்கி. எண்ணிப் பார்க்கலாமே என்று முத்திரையை உடைத்துவிடாதீர்கள். காலத்தைப் பெட்டியில் உள்ள நிறுவனப் பெயரே காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் இருந்த யூ.எம்.சி., அதாவது யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ் என்ற தோட்டா நிறுவனம், 1912-இல் ரெமிங்டனோடு இணைந்தது. யூ.எம்.சி. என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தையது என்று கொள்ளலாம். அவர்களுடைய தோட்டா வகைகளில் 'நைட்ரோ கிளப்' என்றால் உள்ளே புகையில்லா வெடிமருந்து, 'நியூ கிளப்' என்றால் பழைய கறுப்பு வெடிமருந்து.

அப்புறம் 'போர்' (bore) அளவு, அதாவது துப்பாக்கிக் குழல் வாயின் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டம்தான் 12 போர். எண் குறையக் குறைய வாய் பெரிதாகும். 12 எங்கும் கிடைக்கும், 14 அரிது. 10-ஐ விடப் பெரிய துப்பாக்கியால் வலசைப் பறவைகளைச் சுட அமெரிக்காவில் தடை இருக்கிறது. ஆனாலும் 8 போர் அழியவில்லை. சிமென்ட் சூளைக்குள் இறுகிப்போன கட்டியைச் சுட்டு உடைக்க அது பயன்பட்டது.

விலை பார்க்கும்போது விற்பவர் கேட்கும் தொகையை நம்பாதீர்கள்; ஏலத்தில் உண்மையில் விற்றுமுடிந்த தொகையைப் பாருங்கள். புதிதாக அச்சடித்த நகல் பெட்டிகளும் சந்தையில் இருக்கின்றன.

காகிதத் தோட்டா ஈரத்தில் ஊதிவிடும். வெயில் அச்சை வெளுக்கவைக்கும், சூடு மருந்தைக் கெடுக்கும். ஆகவே பரண் வேண்டாம், சமையலறை ஓரமும் வேண்டாம். குளிர்ந்த, உலர்ந்த அலமாரியில், அதன் சொந்தப் பெட்டியிலேயே, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். பிய்ந்த மூலையில் செலோடேப் ஒட்டி நானே ஒரு நல்ல பெட்டியைக் கெடுத்திருக்கிறேன். அந்தப் பழுப்புக் கறை போகவே இல்லை. இவற்றைச் சுட்டுப் பார்க்கவும் கூடாது. பழைய மருந்து எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இங்கே இந்தியாவில் கேட்பவர்களுக்கு ஒன்று. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் நாலு தோட்டா கிடைத்தால், அவற்றை அங்கேயே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். வணக்கம்.